சேரியும் ஆலையும்

விழுப்புரம் சந்திப்பிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரிந்து செல்லும் இருப்புப்பாதை ஒன்று உண்டு. 1879ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அப்பாதை, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்னும் ஊர்களைக் கடந்து கடற்கரையிலுள்ள புதுச்சேரியை அடைகின்றது. பயணம் சிறியது, நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. இன்று அவ்வழியே செல்வோர் சன்னலருகில் அமர்ந்து கரும்புக் கொல்லைகளையும் சவுக்குத் தோப்புகளையும் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவர். ஆனால், 1954ஆம் ஆண்டுவரை அச்சிறு பயணத்தின் இடையே ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கியது. விழுப்புரமும் திண்டிவனமும் முதலில் ஆங்கிலேயர் ஆட்சியிலும் 1947க்குப் பின் சுதந்திர இந்தியாவிலும் இருந்தன. புதுச்சேரியோ பிரெஞ்சியர் கையில் இருந்தது. திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாகச் செல்லும் சாலையிலும் இதே நிலைதான்.

எல்லை என்றவுடன் மலையும் ஆறும் இடைநின்று பிரித்த எல்லை என எண்ணிவிடுதல் கூடாது. இரு நாட்டு ஊர்களும் பின்னிக் கிடந்தன. ஒருவன் வீடு ஓர் அரசிலும், அவன் உழும் நிலம் மற்றோர் அரசிலும் இருந்தன. பெண் கொடுத்த ஊர் பிரெஞ்சு ஊர். பெண் எடுத்த ஊர் ஆங்கிலேயர் ஊர். மொழி ஒன்று, உணவு ஒன்று, கும்பிடும் அம்மனும் ஒன்று. மாறுபட்டது சட்டம் ஒன்றே. அச்சட்ட வேறுபாடு உழைக்கும் மக்களின் வாழ்வை எவ்வாறு வருத்தியது என்பதையும், அதனைப் போக்க இருபத்தைந்தே வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் என்ன செய்தார் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

புதுச்சேரி பழங்காலந்தொட்டே துணிக்குப் பெயர்பெற்ற ஊர். நம் தென்னார்க்காட்டு மண்ணில் அவுரி மிகுதியாக விளைந்தது. அவுரிச் செடியை ஊறவைத்து, அடித்துக் கலக்கி, அடியிற் படியும் நீலத்தைக் கட்டியாக்கி, அந்நீலத்திலே தோய்த்தெடுத்த கருநீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரையிலும் சென்றது. செனகால் நாட்டு மக்கள் அதனை விரும்பி வாங்கினர். கைத்தறியில் நெய்த காலம் மாறிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவியால் இயங்கும் பஞ்சாலைகள் எழுந்தன. அவற்றுள் மூன்று பெரியவை. சவானா ஆலை, கெப்ளே ஆலை, ரோடியர் ஆலை என மக்கள் அவற்றை வழங்கினர். ரோடியர் எனப்பட்டது 1898ஆம் ஆண்டில் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலையாகும். பிற்காலத்தில் சவானா சுதேசி ஆலை என்றும், கெப்ளே பாரதி ஆலை என்றும் பெயர் மாறின.

அவ்வாலைகளில் உழைத்தவர் யாவர்? புதுச்சேரி நகரத்தார் மட்டுமல்லர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து கால்நடையாக வந்தவரும் உளர். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏர் ஓட்டியவன் கலப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு ஆலை வாயிலில் வந்து நின்றான். ஆண்களோடு பெண்களும், பள்ளியில் இருக்கவேண்டிய வயதுச் சிறுவரும் வேலை செய்தனர். விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். அது கேட்டு உள்ளே சென்றவர் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக உழைத்தனர். பஞ்சுத் தூசி காற்றிலே மிதக்கும். நூல் அறாதிருக்கும் பொருட்டுக் கூடத்தில் ஈரப்புழுக்கம் நிறைந்திருக்கும். தறிகளின் ஓசையில் அருகில் நிற்பவன் பேசுவதும் கேளாது. இத்தனைக்கும் கூலி சில அணாக்களே.

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். பிரான்சு நாட்டில் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை 1884ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. நாளுக்கு எட்டு மணி நேரமே வேலை என்னும் சட்டம் அங்கு 1919இல் வந்தது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. ஆண்டு முழுதும் நடைபெறும் ஆலைகளில் நாளுக்குப் பத்து மணி, வாரத்திற்கு ஐம்பத்து நான்கு மணி என்ற வரம்பு 1935 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரித் தொழிலாளிக்கோ இவ்விரண்டும் இல்லை. அவன் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வாழ்ந்தான். ஆனால், பிரெஞ்சுத் தொழிலாளியின் உரிமை கடல் கடந்து அவனிடம் வரவில்லை. இந்திய மண்ணில் பிறந்தான். ஆனால், வளவனூர்க்காரனுக்கு இருந்த அளவு பாதுகாப்பும் அவனுக்கு இல்லை. 'உரிமை, சமத்துவம், உடன்பிறப்பு' என்னும் மூன்று சொற்களை அரசாங்கக் கட்டடத்தின் முகப்பிலே எழுதிவைத்த ஆட்சி, ஆலைக்குள்ளே அவற்றைப் படிக்க ஒருவரையும் விடவில்லை.

இந்நிலையில்தான் வ. சுப்பையா தோன்றினார். அவர் 1911ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள் புதுச்சேரியிற் பிறந்தார். அங்குள்ள கல்வே கல்லூரியிற் பயின்றார். தமிழோடு பிரெஞ்சு மொழியும் நன்கறிந்தார். அம்மொழியறிவே பின்னாளில் அவருக்குப் படைக்கலமாயிற்று. நாட்டு மக்களின் குறையை அவர்களுடைய மொழியிற் கேட்டு, ஆள்வோரின் மொழியில் எடுத்துரைக்க வல்லவர் அந்நாளில் பலர் இருந்தனர். ஆனால், அவருட் பெரும்பாலோர் அவ்வாற்றலை வழக்குமன்றத்திலும் அலுவலகத்திலும் தம் நலத்திற்கே பயன்படுத்தினர்.

சுப்பையாவின் பொதுவாழ்வு ஆலையிற் தொடங்கவில்லை, சேரியில் தொடங்கியது. காந்தியடிகள் 1932ஆம் ஆண்டில் தீண்டாமை ஒழிப்பை மேற்கொண்டு ஹரிஜன சேவா சங்கத்தை நிறுவினார். (அச்சொல் அக்காலத்து வழக்கு. அம்மக்களே பின்னர் அதனை விரும்பவில்லையாதலின் இன்று நாம் அதனைச் சங்கத்தின் பெயராக மட்டுமே சொல்கிறோம்.) புதுச்சேரியில் அச்சங்கத்தை அமைப்பதில் சுப்பையா முன்நின்றார். சேரிகளுக்குச் சென்றார். அங்குள்ளாருடன் அமர்ந்து பேசினார். அவர்தம் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், குடிநீரைப் பற்றியும், தூய்மையைப் பற்றியும் கவலை கொண்டார். அன்று உயர்ந்தோர் எனப்பட்ட குடியிற் பிறந்த ஒருவர் சேரிக்குட் சென்று வருதல் எளிய செயலன்று. தம் தெருவிலும் தம் வீட்டிலும் ஏச்சுக் கேட்க வேண்டியிருந்தது.

1934ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது புதுச்சேரிக்கு வந்தார். அவர் அங்கு இருந்தது சிறிது நேரமே. ஓடியன்சாலைத் திடலிற் பெருங்கூட்டம் கூடியது. சமத்துவம் என்பதைப் பிரெஞ்சியரிடமிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லிக்கொண்ட ஊரிலே, கிணற்றங்கரைச் சமத்துவத்தைப் பற்றி ஒருவர் வந்து பேசவேண்டியிருந்தது! அவ்வரவிற்கு ஏற்பாடு செய்தவருள் சுப்பையா முதன்மையானவர். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

சேரித் தொண்டுக்கும் ஆலை வேலைநிறுத்தத்திற்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை காணப் புதுச்சேரியை விட்டுச் சிறிது நேரம் சென்னைக்குச் செல்லவேண்டும்.

சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் பஞ்சாலைகள் இருந்தன. அங்கு 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.கலியாணசுந்தரனார் அச்சங்கத்திற்கு உயிராய் விளங்கினார். 1921 மே மாதத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. அப்போராட்டம் உடைந்ததற்கு முதலாளியின் வலிமை ஒரு காரணம். ஆனால், மற்றொரு காரணமும் உண்டு. ஆதிதிராவிடத் தொழிலாளருட் பெரும்பாலோர் அதில் நிலைத்து நிற்கவில்லை. அவர்கள் வேலைக்குச் சென்றனர். அதனாற் புளியந்தோப்பிலே கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஆதிதிராவிடரின் தலைவராகிய எம்.சி.ராசா தம் மக்களின் பக்கம் நின்று வழக்காடினார்.

அவர்களைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். யான் அவருள் ஒருவன் அல்லேன். வேலை இல்லாவிடின் ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியில்லாத ஒருவனிடம், நேற்றுவரை தன் கிணற்றில் நீர் எடுக்கவிடாதவன் வந்து, 'நாம் தோழர்; எனவே நீயும் பட்டினி கிட' என்றால், அவன் எதை நம்பி உடன்படுவான்? தெருவிற் பிரித்துவைத்த மக்களை ஆலை வாயிலில் மட்டும் ஒன்றாக நிற்கச் சொல்லுதல் இயலாது என்பதே புளியந்தோப்பு காட்டிய உண்மை. ஆலைக்கு வருமுன் சேரிக்குச் சென்ற சுப்பையாவின் வழி ஏன் சிறந்தது என்பது இப்போது விளங்கும். அவர் ஆலை வாயிலில் நின்று பேசியபோது, கேட்டவருள் மிகத் தாழ்த்தப்பட்டவனுக்கும் அவர் புதியவர் அல்லர்.

1934ஆம் ஆண்டிலே சுப்பையா 'சுதந்திரம்' என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஆட்சியின் குறைகளும் ஆலையின் குறைகளும் அதில் இடம்பெற்றன. எழுத்தறியாத் தொழிலாளர்க்கு இதழ் எவ்வாறு பயன்படும் எனின், அக்காலத்தில் ஓர் இதழை ஒருவர் படிக்க இருபதுபேர் கேட்பது வழக்கம். தேநீர்க் கடையும் திண்ணையும் அதற்கு இடமாயின. ஒருவர் உரக்கப் படிப்பார். இடையிடையே நிறுத்திப் பொருள் சொல்வார். கேட்போர் தம் அநுபவத்தையும் அதனோடு சேர்ப்பர்.

1935ஆம் ஆண்டு பிப்ரவரியில் சவானா ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது 84 நாள் நீடித்தது. 84 நாள் என்று எழுதுவது எளிது. நாட்கூலியை நாள்தோறும் அரிசியாக மாற்றி உண்ணும் குடும்பம் ஒன்று மூன்று திங்கள் கூலியின்றி இருத்தல் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் கையிருப்பில் நடக்கும். இரண்டாம் வாரம் மளிகைக் கடைக்காரர் கடன் தருவார். அதன்பின் பித்தளைக் குடமும் காதிலுள்ள தோடும் அடகுக் கடைக்குச் செல்லும். ஒரு திங்களுக்குப் பின் கணவனை வேலைக்குப் போகச் சொல்லி மனைவி வற்புறுத்துவாள். அவள் சொல்வதும் நியாயமே. அந்த நாட்களில் வெளியாருக்குத் தெரியாமல் நடக்கும் போராட்டம் ஒவ்வொரு வீட்டின் அடுக்களையிலும் நடக்கும். தலைவனுக்குரிய பணி அங்கேதான் மிகுதி. கூட்டத்தில் முழங்குவது அதிற் சிறு பகுதியே. அரிசி திரட்டுவதும், பிணங்கியவரைத் தேற்றுவதும், சாதியைச் சொல்லிப் பிரிக்க வருவோரைத் தடுப்பதும், பேச்சுக்கு அழைத்தால் எதை விடலாம் எதை விடலாகாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதும் எஞ்சிய பெரும்பகுதி.

84 நாளுக்குப்பின் உடன்பாடு ஏற்பட்டது. சில நன்மைகள் கிடைத்தன. ஆயினும், எல்லா ஆலைகளுக்கும் பொதுவான சட்டம் வாய்க்கவில்லை. சங்கத்திற்குச் சட்டத்தின் ஒப்புதலும் இல்லை. முதலாளி இன்று மனமிரங்கித் தந்ததை நாளை மனம் மாறிப் பறித்துக்கொள்ளலாம். சுப்பையா இதனை உணர்ந்தார். ஓர் ஆலையின் சலுகை அன்று, எல்லா ஆலைக்கும் உரிய சட்டமே வேண்டும் என்பது அவர் நோக்கமாயிற்று.

அடுத்த ஆண்டு பிரான்சிலே பெரும் மாறுதல் நேர்ந்தது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் கூடி அமைத்த மக்கள் முன்னணி வென்றது. லியோன் புளூம் என்பவர் தலைமை அமைச்சரானார். அந்நாட்டுத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் ஆலையை விட்டு வெளியேறாமல், இயந்திரங்களை நிறுத்திவிட்டு உள்ளேயே அமர்ந்தனர். இதனை உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்பர். ஜூன் திங்களில் அவர்களுக்கு வாரத்திற்கு நாற்பது மணி வேலையும், கூலியுடன் இரு வார ஓய்வும் சட்டமாயின. இச்செய்தி தந்தியிலும் கப்பலிலும் புதுச்சேரிக்கு வந்தது. அங்கே நாற்பது மணி! இங்கே அதனை நான்கு நாளில் முடித்துவிட்டு, மேலும் இரண்டு நாள் உழைக்கவேண்டும். ஒரே கொடியின் கீழ் இரண்டு வகை மனிதரா என்னும் கேள்வி எழுந்தது.

ஜூலைத் திங்களிலே புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தை மேற்கொண்டனர். இம்முறையின் நன்மை தீமைகளைச் சிறிது அறிதல் வேண்டும். தொழிலாளர் வெளியே நின்றால் முதலாளி வேறு ஆட்களை அழைத்து ஆலையை ஓட்டலாம். உள்ளே இருந்தால் அது முடியாது. விலையுயர்ந்த இயந்திரங்கள் அருகில் இருப்பதால் வலிந்து தாக்கவும் ஆலையார் தயங்குவர். தெருவிற் கூடிக் கலகம் விளைத்தனர் என்று பழிக்கவும் இடமில்லை. ஆனால், தீமையும் ஒன்றுண்டு. நான்கு சுவர்களுக்குள் இருப்பவரை நான்கு புறமும் வளைத்துக்கொள்ளலாம். ஓடித் தப்ப வழி இராது. உணவும் நீரும் வாயில்வழியே வீட்டார் கொணர்ந்து தந்தால்தான் உண்டு.

அந்நாளிற் பிரெஞ்சிந்தியாவின் கவர்னராய் இருந்தவர் சொலோமியாக் என்பவர். பாரீசிலே தொழிலாளரின் அரசு என்று சொல்லப்பட்ட அரசு அமர்ந்திருந்தது; அவ்வரசின் பெயராற் புதுச்சேரியில் ஆட்சி புரிந்தோர் பழைய முறையையே கைக்கொண்டனர். 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் படையினர் தொழிலாளர்மீது துப்பாக்கியாற் சுட்டனர். பன்னிருவர் உயிர் துறந்தனர். காயமுற்றோர் பலர். படைக்கலம் ஏந்தாது, தாம் நாள்தோறும் உழைத்த இடத்திலேயே இருந்தவர் மேல் நடந்த தாக்குதல் அது.

இத்தகைய வேளையிற் ஒரு தலைவனின் உண்மை இயல்பு வெளிப்படும். பன்னிரு வீடுகளில் அழுகுரல். ஊர் முழுதும் சினம். அச்சினத்தைத் தூண்டிவிடுவது எளிது. அதனால் மேலும் பலர் மாண்டிருப்பர். ஆள்வோருக்கும் நல்லதொரு சாக்குக் கிடைத்திருக்கும். அஞ்சி ஒதுங்குவதும் எளிது. மாண்டவர் வீணே மாண்டவராவர். சுப்பையா இரண்டையும் செய்யவில்லை. நடந்ததை உலகறியச் செய்து, அதனையே சட்டத்திற்குரிய வழக்காக மாற்றினார். சவானா ஆலையின் 84 நாளில் உறுதிப்பட்ட அவருடைய நோக்கம் இப்போதும் மாறவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலே, காங்கிரசுத் தலைவராய்த் தமிழ்நாட்டிற் பயணம் செய்த சவகர்லால் நேரு புதுச்சேரிக்கும் வந்தார். தொழிலாளரின் துன்பம் இந்திய நாட்டின் கவனத்திற்கு வந்தது.

1937ஆம் ஆண்டிற் சுப்பையா கப்பலேறிப் பிரான்சு சென்றார். புதுச்சேரியாருக்கு இவ்வழி முற்றிலும் புதியதன்று. 1873ஆம் ஆண்டிலே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர், மேனாட்டார் அணிவது போன்ற காலணியை அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்திற்குச் சென்றார். இந்தியன் அவ்வாறு அணிதல் தகாது என்று அவர் தடுக்கப்பட்டார். அவர் விடவில்லை, பாரீசிலுள்ள உயர்ந்த மன்றம்வரை வழக்கைக் கொண்டு சென்று வென்றார். ஒரு செருப்புக்காகவா இத்தனை பாடு எனச் சிரித்தவர் இருந்திருப்பர். அது செருப்பு வழக்கன்று. ஒரே சட்டத்தின்கீழ் இருவர் நிற்கும்போது ஒருவனுக்கு மட்டும் கால் சுட வேண்டுமா என்னும் வழக்கு. அன்று பொன்னுத்தம்பிப் பிள்ளை தம் ஒருவர் மானத்தின் பொருட்டுப் பாரீசை நாடினார். அறுபத்து நான்கு ஆண்டு கழித்து, ஆலையில் உழைக்கும் அனைவருடைய நாழிகையின் பொருட்டுச் சுப்பையா அதே நகரை நாடினார்.

அங்கே அவர் வைத்த வாதம் எளியது. 'உங்கள் நாட்டில் நீங்கள் நியாயம் என்று ஒப்புக்கொண்டதையே எங்களுக்கும் கேட்கிறோம்' என்பதே அதன் சாரம். புதிதாய் ஒன்றைக் கேட்பவனை மறுக்கலாம். தான் ஒப்புக்கொண்டதைத் தன் வாயால் மறுப்பது எவருக்கும் அரிது. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் பிரெஞ்சிந்தியத் தொழிலாளருக்கென ஆணை பிறந்தது. சங்கம் அமைக்கும் உரிமை கிடைத்தது. பெண்களையும் சிறுவரையும் வேலை வாங்குவதற்கு வரையறை ஏற்பட்டது. நாளுக்கு எட்டு மணி வேலை என்பது சட்டமாயிற்று.

இதன் அருமையை அறிய மீண்டும் விழுப்புரம் பாதையை நினைக்கவேண்டும். 1937க்கு முன் வளவனூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளிக்குப் பத்து மணி என்ற வரம்பு இருந்தது. வில்லியனூர்ப் பக்கத்தானுக்கு அதுவும் இல்லை. ஆணை நடைமுறைக்கு வந்தபின் நிலை தலைகீழாயிற்று. புதுச்சேரியில் எட்டு மணி. எல்லைக்கு இப்பால் இன்னமும் வாரத்திற்கு ஐம்பத்து நான்கு மணி. ஆங்கிலேயர் ஆட்சியில் அது நாற்பத்தெட்டாகக் குறைய 1946ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சேரியிலே இரவில் விளக்கேந்திச் சென்ற தொண்டு, இவ்வாறு ஒரு நாட்டின் கடிகாரத்தையே மாற்றி வைத்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இச்செயலின் புகழ் முழுதையும் சுப்பையா ஒருவருக்கே சூட்டிவிடுவது நம் எழுத்தாளர் சிலரின் வழக்கமாய் இருக்கின்றது. அது வரலாற்றுக்கும் பொருந்தாது, சுப்பையாவிற்கும் பொருந்தாது. பாரீசிலே அவர் சொல் எடுபட்டதற்குக் காரணம், அவர் பின்னே 84 நாள் பசித்திருந்த மக்களும், ஜூலை 30இல் மாண்ட பன்னிருவரும் நின்றனர் என்பதே. எனினும், வழக்கறியாத அம்மக்களின் துயரத்தை ஒருவர் எடுத்துச் சென்று சொல்லாமலிருந்தால், அது நாளேட்டில் நான்கு வரிச் செய்தியாய் முடிந்திருக்கும்.

சுப்பையாவின் பிற்கால வாழ்வு நீண்டது. அதனைச் சுருங்கக் கூறுவோம். சிறை, நாடு கடத்தல், தலைமறைவு ஆகியவை அவருக்குப் பழகிப்போயின. பொதுவுடைமைக் கட்சியை அங்கு வளர்த்தார். 1947இல் பாரீசிலுள்ள மேலவையில் உறுப்பினரானார். எந்த அரசு தம் மக்களைச் சுட்டதோ அந்த அரசின் அவையிலேயே அமர்ந்தார். 1954இல் விடுதலைப் போராட்டம் முதிர்ந்தபோது, புதுச்சேரிக்கு வடக்கே எல்லையை ஒட்டியுள்ள கோட்டக்குப்பத்தில் தங்கிப் போராட்டத்தை நடத்தினார். அவ்வூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. பின்னர் சில ஆண்டுகள் அமைச்சராகவும் இருந்தார். மக்கள் தலைவர் என்று மக்களே அவரை அழைத்தனர். 1993ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் காலமானார். தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானது அதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னர்தான்.

ஜூலை 30ஆம் நாளைப் புதுச்சேரித் தொழிலாளர் இன்றும் தியாகிகள் நாளாகப் போற்றி மாலை சூட்டுகின்றனர். ஆலைகளோ இன்று இயங்கவில்லை. ரோடியர் ஆலை 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஊரார் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள உதவிய சங்கொலியும் நின்றுவிட்டது.

யான் சிறுவனாய் இருந்தபோது, கண்டமங்கலத்துக்கு அப்பால் எங்கள் உறவினர் ஊரில் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அனைவரும் அவரைத் தாத்தா என்றே அழைப்பர். மாலையில் புங்க மரத்தடியில் அமர்ந்திருப்பார். பிள்ளைகள் நாங்கள் கதை கேட்டால் இராசா கதை சொல்லமாட்டார். "சுட்ட அன்னிக்கு நான் உள்ளேதான் இருந்தேன், ஐயா" என்று தொடங்குவார். மாண்டவர் பெயர்களை வலக்கை விரல்களால் எண்ணுவார். அது முடிந்ததும் இடக்கைக்கு மாறுவார். ஒன்பது வரையில் தடையின்றி வரும். அதன்பின் நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி நெடுநேரம் இருப்பார். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். அப்போதும் ஒன்பதிலே நிற்கும். "இன்னும் மூணு பேரு... நல்லாத் தெரிஞ்ச பேருதான்" என்பார். இருட்டியதும் அவருடைய மகள் வந்து கையைப் பிடித்து வீட்டிற்கு அழைத்துச் செல்வாள். வழியெல்லாம் அவர் விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும்.